நான் எழுதிப் போட்ட நாற்பத்தொரு சீட்டுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அவசரக்காரி. பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவர்கள் பேசி முடிப்பதற்குள் நானே போய் அந்த வேலையை முடித்துவிட்டு வந்து நிற்பேன். எங்கள் பெண்கள் சங்கத்தில் ஏழு வருடம் என்னைச் செயலாளராக வைத்திருந்தது இந்தக் குணம்தான். அவளிடம் விட்டால் ஆகிவிடும் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்கொரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவேன், படிவம் நிரப்பித் தருவேன், சங்கத்து நோட்டீஸும் அங்கேதான் தயாராகும். சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். துப்புரவு வேலை பார்ப்பவர்கள், தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், மருத்துவமனைத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய சலவைக் கம்பெனியில் இருப்பவர்கள். தலைவி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கூட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. அடுத்த வருடம் எந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்துப் போராடுவது என்று உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு சீட்டு கொடுப்போம். அதில் எழுதி என் கடையில் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். முதல் வருடம் எழுபது சீட்டு வந்தது. அப்புறம் முப்பது. அப்புறம் பத்தொன்பது. ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். வந்த சீட்டுகளைப் படித்து, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஓரமாக வைத்துவிட்டு, டீச்சர் மனதில் இருப்பதைத் தீர்மானமாக எழுதிக்கொள்வோம். எழுதிப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் எவள் மறுபடி எழுதுவாள்?

போன வருடம் தெருவிளக்குப் போராட்டம் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். போஸ்டர்கூட அச்சாகிவிட்டது. ஆனால் ஆண்டறிக்கையில் 'உறுப்பினர்களின் விருப்பப்படி' என்று ஒரு வரி வந்தாக வேண்டும். பொய்யாக எழுது என்று டீச்சர் சொல்லவில்லை. எப்படியாவது ஒரு நாற்பது சீட்டு வரவேண்டும், பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேன். ஒரு மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து நாற்பத்தொரு சீட்டு எழுதினேன். சாய்த்துச் சில, நிமிர்த்திச் சில, இடதுகையால் கோணல்மாணலாக எட்டு. நடுநடுவே எழுத்துப் பிழைகூட விட்டேன். என் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. பெட்டியில் உண்மையாகவே ஒன்பது சீட்டு விழுந்திருந்தது. அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய போஸ்டர் கட்டுக்கு அடியில் செருகிவிட்டேன்.

அந்த ஒன்பதில் ஒன்று என் தங்கை எழுதியது.

தங்கை கணவனை விட்டு வந்தவள். என் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள், சமையல் இருவருக்கும் ஒன்றுதான். சலவைக் கம்பெனியில் ரோலரில் வேலை. ரோலர் என்றால் நீளமான, கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் உருளைகள். ஈரப் பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் உள்ளே விட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, தேய்க்கப்பட்டு வெளியே வரும். ஒரு நாள் காலை மாடியில் துணி உலர்த்தும்போது தங்கை என்னவோ ஆரம்பித்தாள். கம்பெனி விஷயம், ரோலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். எனக்குக் கடை திறக்கிற அவசரம். சங்க விஷயமென்றால் முறைப்படி சீட்டில் எழுதிப் போடு, தங்கை என்பதற்காக வீட்டில் வைத்துக் கேட்டால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எப்பேர்ப்பட்ட நியாயஸ்தி பாருங்கள். அவளும் முறைப்படி எழுதிப் போட்டிருக்கிறாள்.

தெருவிளக்குப் போராட்டம் தொடங்கிய பத்தாவது நாள், காலை பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது. தங்கையின் வலதுகை ரோலருக்குள் போய்விட்டது என்றார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எப்படி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது என்று அப்புறம் சொன்னார்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. நடுவிரலை வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். உள்ளங்கை முழுவதும் வெந்திருந்தது. நான் அவர் பின்னாலேயே நடந்து, எப்படியாவது, எப்படியாவது என்று அதே ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்து மயக்கத்தில் தங்கை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். படுக்கை விரிப்பின் ஓரத்தில் அவள் கம்பெனி முத்திரை இருந்தது. இடதுகையால் அதைத் தடவி, இது தன் கையால் தேய்த்ததாகத்தான் இருக்கும், ஒரு சுருக்கம்கூட இல்லை பார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அக்கா, நான் போட்ட சீட்ட நீ படிக்கவே இல்லையா?"

படித்தேன், கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் வாய் கூசாமல் பொய் வந்தது. அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக்கு வந்து போஸ்டர் கட்டைப் பிரித்துப் போட்டுப் பையை எடுத்தேன். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'ரோலர் பத்தி. எழுத்துல சொல்ல முடியாது. யாராவது வந்து எங்ககிட்ட கேளுங்க.' அவ்வளவுதான் இருந்தது. இன்னும் இரண்டு சீட்டில் 'சலவைக் கம்பெனிக்கு ஒரு தடவ வாங்க' என்று எழுதியிருந்தது. ஒருத்தி தையல் கம்பெனியில் கழிப்பறையைப் பூட்டி வைப்பதை எழுதியிருந்தாள். ஒன்றே ஒன்றில் தெருவிளக்கு இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்து திரும்பிப் போய்விட்டார்.

புத்தியுள்ளவள் என்ன செய்திருப்பாள்? சீட்டில்தான் வந்து கேளுங்கள் என்று எழுதியிருக்கிறதே, போய்க் கேட்டிருப்பாள். நான் போஸ்டர் எழுதினேன். கை உள்ளே போயிருக்கிறது, அப்படியென்றால் ரோலருக்கு முன்னால் கையைத் தடுக்கிற கம்பி இல்லை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரத்தில் தெருவிளக்கை நிறுத்திவிட்டு, 'ரோலருக்குத் தடுப்புக் கம்பி போடு' என்று போராட்டத்தை மாற்றினோம். தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு, கட்டுப் போட்ட கையின் படம், தட்டிகள், எல்லாம் இரண்டே நாளில் தயார். என் வேகத்தைப் பார்த்து டீச்சரே அசந்துபோனார்.

ஐம்பது பேரோடு கம்பெனி கேட்டில் நின்றோம். எல்லோரையும்விட நான்தான் பெரிதாகக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினால் தங்கையின் நடுவிரலாவது மிஞ்சும் என்பது போல ஒரு வெறி. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த சலவைப் பெண்கள் எங்களோடு சேரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. உங்களுக்காகத்தானே கத்துகிறோம், பயந்தாங்கொள்ளிகளா என்று மனதுக்குள் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி வந்தார். சங்கத்தின் சார்பில் டீச்சரையும் என்னையும் உள்ளே விட்டார்கள். முதல் தடவையாக அந்த ரோலரை நேரில் பார்த்தேன். நான்கு ரோலர். நான்குக்கும் முன்னால் தடுப்புக் கம்பி இருந்தது. மேனேஜர் ஒரே ஒரு விரலால் அதைத் தொட்டுக் காட்டினார். ரோலர் டக்கென்று நின்றது. மூன்றாவது ரோலரில் மட்டும் கம்பியின் ஒரு முனையில், கிழித்த பெட்ஷீட் துண்டு ஒன்று முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். இங்கே வேலை செய்கிறவர்களே கம்பியைத் தூக்கிக் கட்டி வைத்துவிடுகிறார்கள், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை என்றார். அறிக்கையில், பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக உள்ளன, விபத்துக்கு ஊழியரின் செயலே காரணம் என்று எழுதினார்கள். மூன்றாவது ரோலரின் நான்கு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பட்டியலில் முதல் பெயர் என் தங்கையுடையது.

வெள்ளிக்கிழமை நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தங்கையோடு பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடிப்பவள். ஒல்லியாக, நிலைப்படி இடிக்கிற உயரம். ஒட்டடைக்குச்சி என்றுதான் கம்பெனியில் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். நிறுத்தப்பட்ட நாலு பேரில் அவளும் ஒருத்தி. வந்து திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கம்பி எப்பவுமே இருக்குதுக்கா" என்றாள். "கட்டி வெச்சது நாங்கதான்."

பிறகு அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்ஷீட்டின் தடித்த ஓரம் பட்டாலே கம்பி அசையும், ரோலர் நின்றுவிடும். மறுபடி ஓட்டிவிட்டுச் சுருக்கம் எடுத்துக் கொடுப்பதற்குள் நேரம் போய்விடும். கம்பி வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு பெட்ஷீட் தாண்டாது. கம்பெனி கேட்பது நூற்று நாற்பது. மூன்று நாள் எண்ணிக்கை குறைந்தால் நாலாவது நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போதே ஒரு துண்டு கிழித்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டுகிற நேரத்தில் சூப்பர்வைசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் கட்டச் சொன்னதில்லை, கட்டாதே என்றும் சொன்னதில்லை.

"எங்களுக்குக் கம்பி வேணாம்க்கா. நூத்தி நாப்பதக் குறைக்கணும். அத எப்படிச் சீட்டுல எழுதறது? எழுதினா, நாங்களே கட்டினோம்னு சேர்த்து எழுதணும். அதனாலதான் வந்து கேளுங்கன்னு எழுதினோம்." கொஞ்ச நேரம் என் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

மூன்றாவது ரோலரில் புதிதாக நாலு பேரை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். எல்லாம் சின்ன வயதுப் பெண்கள். நூற்று நாற்பது அப்படியேதான் இருக்கிறது. நேற்றே அவர்களும் துண்டு கிழித்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று உள்ளே இருப்பவள் ஒருத்தி சொன்னாளாம்.

அவள் போன பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். அங்கே நாலு பெண்கள் ஒவ்வொரு மணிக்கும் நூற்று நாற்பது தடவை அந்த உருளைக்கு விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த போன் எந்த வீட்டுக்குப் போகும் என்று தெரியாது. அவர்களுக்காக இனி யாராவது மனுக் கொடுத்தால், கம்பிதான் இருக்கிறதே என்று அறிக்கையைக் காட்டுவார்கள். அந்த அறிக்கையை வரவழைத்துக் கொடுத்தது நான். ஏழு வருடத்தில் நான் முடித்து வைத்த காரியங்களில் இதுதான் கனகச்சிதமாக முடிந்திருக்கிறது.

தங்கை வீட்டுக்கு வந்த அன்று மாலை அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமனையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் மென்றுகொண்டே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாப்பத்தொண்ணா?"

"ஆமா."

"எண்ணும்போது என்னோடதச் சேர்த்தியா?"

இல்லை என்றேன். அவள் வாயைத் துடைக்கச் சொன்னாள், துடைத்தேன். அழுதுவிடுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன். அழுது முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, கூட்டம் போடச் சொன்னாள். கமிட்டிக்காரர்களுக்குத் தோதான வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஷிஃப்ட் முடிகிற மூன்று மணிக்கு. கம்பெனிக்குப் பின்தெருவில் இருக்கும் சைக்கிள் ஷெட்டில். எல்லோரும் வரட்டும், இதை நீ அங்கே உன் வாயால் சொல் என்றாள்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டு விஷயம் வெளியே தெரிந்தால் சங்கத்தின் மானம் கப்பலேறிவிடும், வேறு வழியில் சரிசெய்யலாம் என்றார். அது ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது டீச்சர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு கூட்டத்துக்கு நாள் சொன்னார்.

அன்று நூற்று முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஏழு வருடத்தில் அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. விஷயம் கசிந்திருக்க வேண்டும். சைக்கிள்களை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுதி வைத்துப் படிக்கலாம் என்று நினைத்திருந்தேன், காகிதத்தைப் பிரிக்கவே கூசியது. சும்மா சொன்னேன். சீட்டைச் சொன்னேன், பையைச் சொன்னேன், கேட்காமல் கேட்டில் போய்க் கத்தியதைச் சொன்னேன். முடித்ததும் டீச்சர் எழுந்து, நாற்பது வேண்டும் என்று கேட்டது நான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி போகிற போக்கில் உறுப்பினர் அட்டையை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். அதைக் குனிந்து எடுக்கவா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டீச்சர், இப்போது புதிதாகச் சீட்டு கொடுத்து எல்லோரையும் கேட்கலாம் என்று தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். துப்புரவு வேலை பார்க்கும் பெரியம்மா ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"சீட்டெல்லாம் வேணாம் டீச்சர். வாயால பேசிக்கலாம். கையைத் தூக்கிக்கலாம்."

இரண்டு மணி நேரம் பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். சலவைக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான் சங்கமா என்று தையல் கம்பெனிப் பெண்கள் கேட்டார்கள். எங்களுக்குக் கழிப்பறையைப் பூட்டுகிறார்களே, அதை யார் கேட்பது என்றார்கள். ஏன் பூட்டுகிறார்கள் என்று ஒட்டடைக்குச்சி கேட்டாள். எழுந்து போனால் மணிக்கு அறுபது சட்டைக் காலர் வராது என்று பதில் வந்தது. துப்புரவுப் பெரியம்மா, எங்களுக்கு ஒரு மணிக்குப் பதினாலு கழிப்பறை, அதனால்தான் கையுறை போட்டுக் கழற்ற நேரமில்லாமல் வெறுங்கையால் அமிலம் ஊற்றுகிறோம் என்றார். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இதே பெண்களின் மனுக்களை ஏழு வருடம் தனித்தனியாக எழுதிக் கொடுத்தவள் நான். கழிப்பறைக்கு ஒன்று, கையுறைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது மணிக் கணக்கு என்று எனக்கு ஒரு நாளும் தட்டுப்படவில்லை. மூன்று தடவை நான் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் தங்கை என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

முடிவில் தீர்மானத்துக்கு அவர்களே வார்த்தை போட்டார்கள். ஒரு மணிக்கு எவ்வளவு வேலை என்பதை வேலை செய்கிறவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும், இதுதான் இந்த வருடப் போராட்டம். திங்கட்கிழமை சலவைக் கம்பெனியில் நாலு ரோலரிலும் ஒருத்தியும் கம்பியைக் கட்டுவதில்லை. எத்தனை வருகிறதோ வரட்டும். வேலை போனால் போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்றுதான் பேசினார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் பயத்தில் அழுதார்கள். அழுதுகொண்டேதான் கையைத் தூக்கினார்கள். தங்கை கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். டாக்டர் எப்படியும் அதைத் தூக்கித்தான் வைத்திருக்கச் சொன்னார் என்று ஒட்டடைக்குச்சி சொல்ல, ஷெட் முழுவதும் சிரித்தது. டீச்சர் எண்ணினார். நூற்று நாலு.

அப்புறம் பெரியம்மா இன்னொன்று கேட்டார். இந்தச் செயலாளர் தொடரலாமா? சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் டீச்சர், என் முகத்தைப் பார்க்காமல். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தங்கையின் கை முன்பு தூக்கியது தூக்கியபடியே இருந்தது. டீச்சர் எண்ணிக்கொண்டே வந்து அவளிடம் நின்றுவிட்டார். டாக்டர் சொன்னதற்காகத் தூக்கி வைத்திருக்கிறாளா, எண்ணிக்கையில் சேர்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இது வலிக்காகவா, ஓட்டா?"

"ஓட்டுதான் டீச்சர்" என்றாள் தங்கை.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே கம்பியைப் பிடிக்க அவளால் முடியவில்லை. என் பதவி போயிருந்தது. எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"திங்கட்கிழம கேட்டுக்கு வா. கடைசி வரிசையில நில்லு. நாங்க என்ன சொல்றோமோ அதச் சொல்லு. நாங்க சொன்னப்புறம் சொல்லு."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, இருவருமாகப் போனோம். நிறுத்தப்பட்ட நாலு பேரும் கேட்டை ஒட்டி நின்றார்கள். பின்னால் தையல்காரர்கள், துப்புரவுக்காரர்கள். கடைசியில் மதில் சுவரோரம் நான். ஷிஃப்ட் மணி அடித்தது. உள்ளே ரோலர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. கட்டவில்லை, கட்டவில்லை என்று முன் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு கை தப்பித்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்தது. என் இதயம் அந்த மெஷினோடு சேர்ந்து நின்று நின்று ஓடியது.

ஒன்பதரை மணிக்கு மேனேஜர் கையில் ஒரு காகிதத்தோடு கேட்டை நோக்கி வந்தார். அதில் பெயர்கள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எத்தனை பெயர் என்றுதான் தெரியவில்லை. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு வரிவரியாக வந்தது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முன்னால் தங்கை ஒட்டடைக்குச்சியிடம் ஏதோ கேட்டாள், அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், அவள் பின்னால் திரும்பி இன்னொருத்தியிடம் கேட்டாள். கேள்வி என் வரிசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.